மஞ்சப்பையைக் கொட்டிப் பாருங்கள்: இதய வார்டில் பார்மசி மாணவருக்கு என்ன வேலை?

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு தாத்தா. படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. கேஸ் ஷீட்டில் இதயச் செயலிழப்பு என்று எழுதி, ஏற்கெனவே சாப்பிட்டு வரும் மருந்துகள் என்று நான்கு பெயர்களைக் குறித்திருந்தார்கள். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த சார் அந்தத் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடி வைத்தார். பாட்டியிடம் திரும்பி, "ஏம்மா, வீட்ல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் எடுத்தாரச் சொன்னேனே?" என்றார். பாட்டி முந்தானைக்குள்ளிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்து நீட்டினார். கட்டில் மேலேயே கொட்டினோம்.

நான்கு இல்லை, 11 ஸ்ட்ரிப். அதில் இரண்டு வேறு வேறு கம்பெனிப் பெயரில் இருந்த ஒரே கொழுப்பு மாத்திரை. சேலத்தில் ஒரு இதய டாக்டர் எழுதிக் கொடுத்த மெட்டோப்ரோலால் ஒன்று, ஊரில் பி.பி.க்கு என்று முன்பே வாங்கிக்கொண்டிருந்த அட்டினோலால் இன்னொன்று. இரண்டும் ஒரே குடும்பத்து மருந்து, இரண்டுமே இதயத் துடிப்பைக் குறைப்பவை, தாத்தா இரண்டையும் தவறாமல் சாப்பிட்டிருக்கிறார், நாடி பிடித்துப் பார்த்தால் 50க்கும் கீழே. இதெல்லாம் போக, ஓரம் கத்தரித்த, பெயர்கூட முழுதாகத் தெரியாத ஒரு துண்டு ஸ்ட்ரிப். "இது முட்டி வலிக்குங்க, மெடிக்கல்ல கேட்டு வாங்குனது, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு" என்றார் பாட்டி. டைக்ளோஃபினாக். மூன்று வாரமாக.

கால் வீக்கத்துக்கும் மூச்சுத்திணறலுக்கும் பெரிய காரணம் அந்தத் துண்டு ஸ்ட்ரிப்தான். இந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும். நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். நல்ல இதயம் சமாளித்துக்கொள்ளும், பலவீனமான இதயத்தால் முடியாது. டாக்டர் எழுதிய நான்கு மருந்தும் சரியான மருந்துகள்தான். ஆனால் எழுதியது ஒன்று, வயிற்றுக்குள் போனது வேறு.

இந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கக் கற்பதுதான் பார்மசி மாணவர்களின் கிளினிக்கல் பயிற்சி. வேறு எப்படிச் சொன்னாலும் சுற்றி வளைத்து இங்கேதான் வந்து நிற்கும். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் அவர்களின் அப்பா அம்மாவும் என்னிடம் அடிக்கடி கேட்பது, "பார்மசி படிச்சா மெடிக்கல் ஷாப்தானே, ஆஸ்பத்திரி வார்டுல அவங்களுக்கு என்ன வேலை?" என்பது. நியாயமான கேள்வி. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் படிப்பைப் பற்றிச் சுருக்கமாக. டிப்ளமோவான டி.பார்ம் 2 வருடம், அதன்பின் 500 மணி நேரப் பயிற்சி. பட்டப்படிப்பான பி.பார்ம் 4 வருடம். டாக்டர் ஆஃப் பார்மசி என்ற பார்ம்.டி 6 வருடம். இந்தியாவில் பார்ம்.டி படிப்பைப் பார்மசி கவுன்சில் 2008இல் கொண்டுவந்தது. பார்ம்.டி.யில் முதல் நான்கு வருடம் பெரும்பாலும் வகுப்பும் ஆய்வகமும், இரண்டாம் வருடத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக ஆஸ்பத்திரிப் பழக்கமும். ஐந்தாம் வருடம் டாக்டர்களோடு வார்டு ரவுண்ட்ஸ். ஆறாவது வருடம் முழுக்க இன்டர்ன்ஷிப்: 6 மாதம் பொது மருத்துவம், பிறகு வேறு மூன்று துறைகளில் தலா 2 மாதம். அந்த மூன்றில் ஒன்றாக இதயப் பிரிவு கிடைத்தால் விடாதீர்கள் என்பேன். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பொது மருத்துவ வார்டிலேயே பாதிக் கட்டில் பி.பி., சர்க்கரை, இதய நோயாளிகள்தான்.

ஏன் இதயப் பிரிவு? ஒரே ஆளுக்கு ஏழு எட்டு மருந்து ஓடும். அவற்றில் சில, கொஞ்சம் குறைந்தால் வேலை செய்யாது, கொஞ்சம் கூடினால் ஆளையே சாய்த்துவிடும் ரகம். அதோடு, மருந்து என்ன செய்கிறது என்பதை நாடி, பி.பி., பொட்டாசியம், ரத்தம் உறையும் நேரம் என்று எண்களிலேயே பார்த்துவிடலாம், ஒரு பகல் ஒரு இரவில் மாற்றம் தெரியும். கற்றுக்கொள்ள வருகிறவனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

வார்டில் ஒரு நாள் எப்படிப் போகும் என்றால், ரவுண்ட்ஸ் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே போய்விட வேண்டும். உங்களுக்குக் கொடுத்த மூன்று நான்கு கட்டில்களின் கேஸ் ஷீட்டைப் புரட்டி, ஒவ்வொரு மருந்துக்கும் நேராக மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: இது எதற்கு, எவ்வளவு, எத்தனை நாளைக்கு. எதற்கு என்ற இடம் காலியாக இருந்தால் அது ஒரு கேள்வி. அதையே திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும், நோய் இருக்கிறது, அதற்குரிய மருந்து தாளில் இல்லை என்றால் அதுவும் கேள்விதான். உதாரணமாக, மாரடைப்புக்காக ஸ்டென்ட் (ரத்தக் குழாய் அடைப்பை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவருக்கு, அங்கே ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் மாதிரி இன்னொரு மருந்தும் வழக்கமாக ஒரு வருடம் போக வேண்டும். மூன்றே மாதத்தில் "பல்லு புடுங்கணும்னு நிறுத்தச் சொன்னாங்க" என்று ஒருவர் சொன்னால், அன்றைக்கு உங்கள் நோட்டில் முதல் வரி அதுதான். அப்புறம் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம், இதய ஸ்கேனான எக்கோவில் வந்த ஈ.எஃப். எண். இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதே ஈ.எஃப்.; 55க்கு மேல் இருந்தால் நல்லது, 40க்குக் கீழே போனால் பலவீனம்.

புதிதாக வரும் ஜூனியர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் கணக்கு 14 மாத்திரைக் கணக்கு. தமிழ்நாடு அரசு 2023இல் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. நெஞ்சு வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு மாரடைப்பு என்று தெரிந்தால், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே அங்கேயே மாத்திரை கொடுத்துவிடுவார்கள். ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரெல் 75 மி.கி. நான்கு, கொழுப்பு மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எட்டு. கூட்டினால் 14. கேட்டதும் மாணவர்கள் முதலில் பதறுவார்கள், "சார், ஓவர்டோஸ் ஆச்சே!" என்று. இல்லை. 300, 300, 80 என்பது தொடக்க டோஸ்; ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பைப் பெரிதாக்குவதை உடனே தடுக்க வேண்டும், குளோபிடோக்ரெலை தினமும் ஒரு 75 என்று கொடுத்து அந்த அளவை எட்டுவதற்குள் நாட்கள் ஓடிவிடும். வத்தல்மலையிலிருந்தும் சித்தேரியிலிருந்தும் அஞ்செட்டிக் காட்டு ஊர்களிலிருந்தும் ஒரு ஆளைக் கீழே இறக்கிக் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த நேரத்தில் கையில் இருக்கும் ஆயுதம் இந்த 14 மாத்திரை.

ஆனால் பயிற்சி மாணவரின் வேலை இந்தக் கணக்குக்கு அடுத்த பக்கத்தில் இருக்கிறது. தொடக்க டோஸ் ஒரு முறைதான். டிஸ்சார்ஜ் ஆகும்போது தினசரி அளவு வேறு, அது நோயாளிக்குத் தெளிவாகப் போய்ச் சேர்ந்ததா? "அன்னிக்கு நாலு குடுத்தாங்க, அதான் நாலு போட்டேன்" என்று யாராவது சொல்லிவிடக் கூடாது.

மருந்தைப் பற்றிப் புத்தகத்தில் இருப்பதைப் பரீட்சைக்கு முதல் நாள்கூடப் படித்துவிடலாம். நோயாளியின் வீட்டைப் பற்றிப் புத்தகத்தில் இருக்காது. ஃப்ரூசமைடு என்ற நீர் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள், காலையில் போட்டால் ஒரு மணி நேரத்தில் சிறுநீர் பிரியத் தொடங்கி ஐந்தாறு மணி நேரம் நீடிக்கும். ஒரு அம்மா ஒவ்வொரு செக்கப்புக்கும் வீக்கத்தோடுதான் வருவார், டாக்டர் டோஸைக் கூட்டிக்கொண்டே போவார். விசாரித்தால், தினமும் பாலக்கோட்டுக்கு பஸ் ஏறித் தக்காளி மண்டிக்கு வேலைக்குப் போகிறவர். வழியிலும் இடத்திலும் பெண்கள் ஒதுங்க வசதி இல்லை. அதனால் வேலை நாளில் மாத்திரை கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அவருக்கு டோஸைக் கூட்டி என்ன பயன்? டாக்டரிடம் சொல்லி, மூன்று மணிக்கு வீடு திரும்பியதும் போடும்படி நேரத்தை மாற்றினோம், வீக்கம் வடிந்துவிட்டது. இரவு எட்டு மணிக்கு என்றால் தூக்கம் போய்விடும், அதனால்தான் மூன்று மணி.

இதயத் துடிப்பை வலுப்படுத்தும் டிகாக்ஸின் மாத்திரையின் கதை இன்னும் வேடிக்கை. நம் நாட்டில் பல டாக்டர்கள் அதை வாரத்தில் 5 நாள் கொடுத்து, உடம்பில் சேர்ந்துவிடாமல் இருக்க சனி ஞாயிறு இடைவெளி விடுவார்கள். ஒரு பெரியவரிடம் யாரோ "சனி ஞாயிறு மாத்திரைக்கு லீவு" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் பி.பி. மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாவற்றுக்கும் சேர்த்து லீவு விட்டுவிட்டார். திங்கட்கிழமை ஓ.பி.யில் பார்த்தால் பி.பி. எப்போதும் எகிறி நிற்கும். மூன்று திங்கட்கிழமை கழித்துத்தான் எங்களில் ஒருத்திக்கு அந்த 'லீவு' பிடிபட்டது.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்டர்ன்ஷிப்பில் இருந்தபோது, செயற்கை வால்வு பொருத்திய ஒரு அக்காவுக்கு வார்ஃபாரின் பற்றி நான்தான் கவுன்சலிங் கொடுத்தேன். வால்வில் ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து அது. ஐ.என்.ஆர். என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. மருந்து இல்லாதவருக்கு அது 1 பக்கத்தில் இருக்கும், வால்வின் வகையையும் இடத்தையும் பொறுத்து இவர்களுக்கு 2லிருந்து 3, சிலருக்கு 2.5லிருந்து 3.5 வரை வைத்துக்கொள்வார்கள். கீழே போனால் உறையும், மேலே போனால் ரத்தக் கசிவு. கீரையில் இருக்கும் வைட்டமின் கே இந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். படித்தது நினைவில் பசுமையாக இருந்தது, நான் பெருமையாக, "அக்கா, கீரையே தொடாதீங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

நம் பக்கத்தில் களியும் கீரைக் கடைசலும் இல்லாத வாரம் உண்டா? அந்த அக்கா வாரத்தில் நாலைந்து நாள் அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வார்ஃபாரின் டோஸே அந்தக் கீரையோடு சேர்த்துத்தான் சரி செய்யப்பட்டிருந்தது. என் பேச்சைக் கேட்டுக் கீரையை அடியோடு நிறுத்தினார், டோஸ் மட்டும் அப்படியே போனது. இரண்டு மூன்று வாரத்தில் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் நிற்கவில்லை என்று வந்தார். ஐ.என்.ஆர். 5ஐத் தாண்டியிருந்தது. நல்ல வேளை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, இரண்டு நாள் மருந்தை நிறுத்தி, அளவைத் திருத்திச் சரி செய்தார்கள். சார் என்னைத் திட்டவில்லை. "அவங்க என்ன சாப்பிடுறாங்கன்னு நீ கேட்டியா?" என்று மட்டும் கேட்டார். கேட்கவில்லை. சொல்ல வேண்டியது 'கீரை சாப்பிடாதீர்கள்' அல்ல, 'எப்போதும் சாப்பிடுகிற அளவிலேயே சாப்பிடுங்கள், திடீரென்று கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்' என்பது.

இனி டாக்டரிடம் பேசுவது. இதற்குத்தான் மாணவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்: மருந்தை மாற்றும் அதிகாரம் உங்களுக்கு இல்லை, கண்டதைச் சொல்லும் கடமை மட்டும் உண்டு. சொல்வதிலும் ஒரு முறை இருக்கிறது. "சார், இது தப்பு" என்று ஆரம்பித்தால் அதோடு முடிந்தது. "சார், 7ஆம் கட்டில், ஸ்பைரனோலாக்டோன் 50 போகுது, கூட ராமிப்ரில் இருக்கு, இன்னிக்குப் பொட்டாசியம் 5.8, கூடுதலா இருக்கு, தினம் ரெண்டு இளநீர் குடிக்கிறாராம், 25 ஆக்கிட்டு நாளைக்குத் திரும்பப் பார்க்கலாமா?" இப்படிச் சொன்னால் எந்த டாக்டரும் நின்று கேட்பார். எண் இருக்கிறது, காரணம் இருக்கிறது, வழியும் இருக்கிறது, முடிவு அவர் கையில். இளநீர் விஷயம் சும்மா சேர்த்ததல்ல. இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் அந்த இரண்டு மருந்தும் பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்தி வைப்பவை, ஒரு பெரிய இளநீரில் ஒரு வாழைப்பழத்தைவிட அதிகப் பொட்டாசியம் இருக்கும். உடம்புக்கு நல்லது என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாம் இளநீரோடுதான் வருகிறார்கள்.

கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை எழுதியிருந்தால், ஆண் நோயாளியைத் தனியாக அழைத்து, ஆண்மைக்கென்று சில்டெனாஃபில் போன்ற மாத்திரை எதுவும் எடுக்கிறாரா என்று கேட்டே ஆக வேண்டும். இரண்டும் சேர்ந்தால் பி.பி. தடாலென்று விழும், உயிருக்கே ஆபத்து. மகன், மருமகள் சுற்றி நிற்கும்போது கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படியே இதையும் சொல்லிவிடுங்கள்: சார்பிட்ரேட்டை நின்றுகொண்டு போடக் கூடாது, உட்கார்ந்துதான். ஐந்து நிமிடத்தில் வலி குறையவில்லை என்றால் யோசிக்காமல் 108.

கவுன்சலிங் என்றால் கையேட்டை ஒப்பிப்பது என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் ஓசூர்ப் பக்கம் வந்து பார்க்கட்டும். ஒரு கட்டிலில் தெலுங்கு, அடுத்ததில் கன்னடம், மூன்றாவதில் தமிழ். பெங்களூரில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, அங்கே கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியோடு இங்கே வருவார்கள்; அதிலிருக்கும் கம்பெனிப் பெயர் இங்கே கடையில் இருக்காது, வேறு பெயரில் தருவார்கள், இவர் பழையதையும் புதியதையும் சேர்த்துப் போடுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஸ்ட்ரிப் மேல் மார்க்கரால் காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவும் வரைந்து கொடுப்போம். கடைசியில் "புரிஞ்சுதாங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் தலையை ஆட்டிவிடுவார்கள். "வீட்டுக்குப் போனதும் உங்க மருமக கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேளுங்கள், என்ன புரிந்தது என்பது அப்போது தெரியும்.

பக்க விளைவைக் கண்டுபிடித்து எழுதி அனுப்புவதும் பயிற்சியில் சேரும். ராமிப்ரில், எனலாப்ரில் வகை மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். அது தெரியாமல் மாதக்கணக்கில் இருமல் மருந்து குடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மருந்துப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தேசியத் திட்டம் 2010இலிருந்து நடக்கிறது, காசியாபாத்திலிருந்து இயங்குகிறது, 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே கூடச் சொல்லலாம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் மாவட்டங்களுக்கென்று கூடுதலாக இரண்டு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் இருந்த பகுதி இது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே அதற்காகத்தான். பழைய போர் தண்ணீரைப் பல வருடம் குடித்த பெரியவர்களில் மூட்டு வலி, இடுப்பு வலி இல்லாதவர் குறைவு, அதனால் வலி மாத்திரையைப் பற்றி இங்கே எல்லோரிடமும் கேட்க வேண்டும். அதுவும் "வேற மருந்து எதுவும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள், ஏனென்றால் வலி மாத்திரையை அவர்கள் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "முட்டி வலிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். இன்னொன்று, மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் அந்தத் திட்டமே தொடங்கியது. வீட்டுக்கே பி.பி., சர்க்கரை மாத்திரை வருகிறது என்பது பெரிய வசதி, வார்டில் மருந்து விவரம் எடுக்கும்போது "வீட்டுக்கு வந்து குடுக்குறாங்களே, அது என்ன மாத்திரை?" என்று தனியாக ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

அந்தப் பென்னாகரத்துத் தாத்தா ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனார். வலி மாத்திரையும் அட்டினோலாலும் நிறுத்தப்பட்டன, இரண்டு கொழுப்பு மாத்திரை ஒன்றானது, மூட்டுக்குப் பாராசிட்டமால். தினமும் எடை பார்த்து, மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே வரச் சொல்வது வழக்கம். அவர் வீட்டில் எடை மிஷின் ஏது? "செருப்பு வார் இறுக்கிப் பிடிச்சா வந்துருங்க" என்று சார் சொல்லி அனுப்பினார்.

ஒரு மாதம் கழித்து ஓ.பி.க்கு வந்தார். செருப்பு லூசாக இருக்கிறது என்று காலை ஆட்டிக் காட்டினார். இந்த முறை யாரும் கேட்கவே இல்லை, அவரே மஞ்சப்பையை மேசை மேல் கவிழ்த்தார். 6 ஸ்ட்ரிப், எல்லாம் எங்கள் தாளில் இருப்பவைதான். கடைசியாகத் தினத்தந்தியில் மடித்த ஒரு சின்னப் பொட்டலமும் விழுந்தது. "இது ஒண்ணும் இல்லைங்க, முட்டி வலிக்குச் சந்தையில குடுத்த பொடி" என்றார்.

சார் என்னைப் பார்த்தார். நான் நோட்டைத் திறந்தேன்.